நடந்தவர்கள் போன பிறகு

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலை நடப்பவர்களின் சாலை ஆகிவிடும். காரைக்குடி, சிவகங்கை, மதுரை, விருதுநகர், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து நாள்கணக்கில் நடந்து வருகிறவர்கள் திண்டுக்கல்லைத் தாண்டி ரெட்டியார்சத்திரத்தை எட்டும்போது பலருக்குப் பாதம் கொப்புளித்திருக்கும். இங்கிருந்து மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று இன்னும் ஒரு முழுப் பகலைத் தின்னும் தூரம் கிடக்கிறது. காவடி எடுத்தவர்கள், வேலை வேண்டி நேர்ந்துகொண்டவர்கள், பிள்ளை வரம் கேட்டு நடக்கும் இளம் தம்பதிகள், பேரனைத் தோளில் தூக்கிவரும் பெரியவர்கள் எல்லோரும் அரோகரா முழக்கத்தோடு நம் ஊர் வழியாகத்தான் போகிறார்கள்.

அவர்களை நம் மக்கள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் இந்தச் சாலையில் நடக்கும் அன்னதானத்துக்கு இணையாகத் தமிழ்நாட்டில் சில இடங்களையே சொல்ல முடியும். விடியலில் சுக்குக் காபி, பகலில் மோர், மதியம் தக்காளி சோறோ சாம்பார் சோறோ, இரவில் இட்லி. இவற்றை ஏதோ பெரிய நிறுவனம் தருவதில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பந்தல் போடுகிறார்கள். பூ வியாபாரி ஒரு மூட்டை அரிசி தருகிறார், தக்காளி விளைவித்தவர் பத்துப் பெட்டி இறக்கிவிட்டுப் போகிறார், சமையல்காரர் கூலி வாங்காமல் கரண்டி பிடிக்கிறார். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களைத் தன் பம்புசெட்டில் குளிக்கச் சொல்லும் சம்சாரிகள் இங்கே இருக்கிறார்கள். அந்த மனசு நம் ஊரின் சொத்து. இந்தக் கட்டுரை அதைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் பூசம் முடிந்த மறுநாள் இதே சாலையோரத்தைப் பார்க்க வேண்டும். தட்டு, கப், தண்ணீர் பாட்டில், பாதி தின்று வீசிய சோறு, பிளாஸ்டிக் பை எல்லாம் காற்றுக்குப் பறந்து முருங்கைத் தோட்டத்து வேலியில் மாட்டிக் கிடக்கும். மீதி ஓடைக்குள் இறங்கும். சோற்று வாசத்துக்கு வரும் மாடும் ஆடும் பையோடு சேர்த்துத் தின்கின்றன. பந்தல் போட்டவர் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார், நடந்தவர் மலையேறிவிட்டார். மிஞ்சியதை அள்ளுவது ஊராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். எண்ணிக்கையில் குறைந்த அவர்களுக்கு அந்த வாரம் ஓய்வும் இல்லை, கூடுதல் ஆளும் இல்லை. தருமம் செய்தவர் புண்ணியத்தைக் கொண்டுபோக, அதன் சுமையை மட்டும் ஊரிலேயே கையில் காசு குறைந்தவர்கள் சுமக்கிறார்கள். இது நியாயமா என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒரு நற்காரியத்துக்காக நெடுந்தூரம் நடக்கும்போது நம் கண்ணெல்லாம் நடப்பவர் மேலேயே இருக்கிறது. அவர் கடந்து போன பிறகு அந்த மண்ணில் மிச்சமாகும் வேலையை யார் எடுத்துக்கொள்வது என்பதை நாம் கேட்பதில்லை. அதைக் கேட்காததால் இந்த நாடு கொடுத்த விலை பெரிது. அந்தக் கதையில் நம் மாவட்டத்துக்கும் பங்குண்டு.

1951 ஏப்ரல் 18-ஆம் தேதி தெலங்கானாவில் நல்கொண்டா பக்கம் போச்சம்பள்ளி என்ற கிராமத்துக்கு காந்தியின் சீடர் வினோபா பாவே நடந்து வந்தார். நிலத்துக்காக ரத்தம் சிந்திக்கொண்டிருந்த பகுதி அது. அங்கிருந்த தலித் குடும்பங்கள் பிழைக்க எண்பது ஏக்கர் வேண்டும் என்று கேட்டன. வினோபா அதைக் கூட்டத்தில் சொல்ல, ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து நூறு ஏக்கர் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு நாளிலிருந்து, நிலத்தைத் தானமாகக் கேட்கும் பூதான நடை பிறந்தது. அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் வினோபா இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். விடியுமுன்னே லாந்தர் வெளிச்சத்தில் கிளம்பி அடுத்த ஊரை அடைவார். ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தன்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி ஆறிலொரு பங்கு தரும்படி கேட்பார். சட்டம் இல்லை, போலீஸ் இல்லை, மிரட்டல் இல்லை. ஒருவர் நடந்து வந்து கேட்டதற்காக மக்கள் நிலம் கொடுத்தார்கள். உலகத்தில் இப்படி இன்னொரு நடையை நான் அறிந்ததில்லை.

1956-இலும் 1957-இலும் வினோபா தமிழ்நாட்டில் நடந்தார். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது, தனி மாவட்டமானது 1985-இல்தான். முழுக் கிராமத்தையும் பொதுவாக்கும் கிராமதானத்தில் அன்றைய மதுரை மாவட்டம் தமிழகத்தில் முன்னணியில் நின்றது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் இருந்ததால், அந்தச் சிந்தனைக்கு இங்கே ஏற்கெனவே உழுத நிலம் இருந்தது.

ஆனாலும் கணக்கு என்ன ஆனது? ஐந்து கோடி ஏக்கர் திரட்டுவது வினோபாவின் இலக்கு. நாடு முழுக்கக் கிடைத்தது நாற்பது லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். அதிலும் ஏழையின் கைக்குப் போய்ச் சேராமல் நின்றுபோனது பெரும்பகுதி. சில நிலம் பாறையாக இருந்தது. சிலது வழக்கில் கிடந்தது. அப்பா மேடையில் கொடுத்ததை மகன் வீட்டில் மறுத்தான். தானப் பத்திரம் இருந்தும் அளந்து கல் நட ஆளில்லை. நிலம் கிடைத்தவரிடம் மாடு இல்லை, விதை இல்லை, கிணறு வெட்டக் கடன் கொடுப்பார் இல்லை. தமிழ்நாட்டில் 1958-இல் பூதானச் சட்டம் வந்தது, வாரியமும் அமைந்தது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஏக்கரைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் தோளில் போட்டுக்கொண்ட உள்ளூர்க்காரர்கள் போதவில்லை. வினோபாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒரு மனிதன் செய்யக்கூடியதைவிட அதிகமாகவே அவர் செய்தார். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்ட ஊர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வேலையைக் கையில் எடுத்தவர்கள் இல்லாமலும் போகவில்லை. அவர்களில் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். அய்யங்கோட்டையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவருடைய கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் வினோபாவோடு நடந்தவர்கள். நடை முடிந்தது என்று அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட பிறகு கீழத் தஞ்சைக்கே போய்த் தங்கினார்கள். 1981-இல் உழுபவனின் நில உரிமை இயக்கம் என்ற லாஃப்டியைத் தொடங்கினார்கள். மிராசுதாரரிடம் பேசி விலை முடிப்பது, வங்கியிலும் அரசிடமும் கடனுக்கும் உதவிக்கும் நடையாய் நடப்பது, பத்திரச் செலவைக் குறைக்க அதிகாரியிடம் மன்றாடுவது, பட்டாவைப் பெண்ணின் பெயரில் எழுதுவது. கேட்க அலுப்பான இந்த வேலைகளைப் பல ஆண்டுகள் செய்ததால்தான் பதின்மூவாயிரம் குடும்பங்கள் அளவுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் கிடைத்தது. 2008-இல் இருவருக்கும் சுவீடனின் மாற்று நோபல் எனப்படும் வாழ்வுரிமை விருது கிடைத்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. பத்திர அலுவலகத் திண்ணையில் அவர்கள் காத்திருந்த பகல்களை யாரும் படம் பிடித்திருக்க மாட்டார்கள். நில தானம் பயிராக முளைத்ததற்கு அந்தப் பகல்களும் காரணம்.

கடல் தாண்டியும் ஒரு சான்று உண்டு. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 2011 ஜூலையில், இலங்கையின் தென்முனையான தெவிநுவரையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டரை ஒரு குழு நடந்தே கடந்தது. ட்ரெயில் என்று பெயர். நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் முன்னின்றார்கள். ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டப் பணம் திரட்டுவது நோக்கம். முழுத் தூரமும் நடக்க முடியாதவர்கள் தங்கள் ஊர் வழியே வரும் ஒரு பகுதியை மட்டும் நடக்கலாம். சிங்கள ஊர்க்காரர்கள் வடக்கின் நோயாளிக்காக நடந்தார்கள். அந்த மருத்துவமனை எழுந்தது. 2016-இல் அதே குழு திசையை மாற்றி, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலிக்குப் பக்கத்தில் கராப்பிட்டியில் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பணம் சேர்த்தது. நடை தொடங்குமுன்பே பணம் எங்கே போகும், எந்தக் கட்டடம் எழும் என்பது முடிவாகியிருந்தது. எத்தனை கட்சிப் பேச்சுகள் தராத நம்பிக்கையை அது அந்த மக்களிடையே தந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இப்போது நம் சாலைக்கு வருவோம். பழனி நடையைப் புதிதாக எதற்காகவும் மாற்ற வேண்டியதில்லை. அது பக்தி, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அதைச் சுற்றி நாம் செய்யும் தருமத்தை ஒழுங்குபடுத்துவது பக்திக்கு எதிரானதில்லை. இந்தப் பாதையிலேயே அதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் சேர்ந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பது நூற்றாண்டுகளாகத் தொடரும் வழக்கம். எந்த இரவு எந்த ஊரில் தங்குவது, யார் சமைப்பது, செலவை எந்தக் கணக்கில் எழுதுவது எல்லாம் அவர்களுக்கு முன்கூட்டியே தீர்மானமானது. பழனியில் உப்பு விற்ற ஒரு செட்டியார் லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக எடுத்து வைத்ததில் அந்த வழக்கம் தொடங்கியதாக அவர்கள் மரபு சொல்கிறது.

அந்த மகமையைத்தான் நாம் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தென்மாவட்ட வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறுதொகையைப் பொதுவில் போட்டுப் பள்ளிக்கூடம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். காமராசர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியில் நின்றது. அதுபோல, பந்தல் போடும் ஒவ்வொரு குழுவும் சோற்றுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பத்து ரூபாயைத் துப்புரவு மகமையாக ஊர்ப் பொதுவில் கட்டட்டும். ஐம்பதாயிரம் செலவழிக்கும் பந்தல் ஐயாயிரம் தரும். அந்தப் பணத்தில் பூசத்துக்கு மறுநாள் கூடுதல் ஆட்களுக்கு நியாயமான கூலி, கையுறை, பூட்ஸ், அள்ளிப்போக டிராக்டர் வாடகை எல்லாம் அடங்கும். கூலி கொடுத்தால் மட்டும் போதாது, பந்தல்காரர்களில் குழுவுக்கு இருவராவது அன்று காலையில் அவர்களோடு நின்று அள்ள வேண்டும். தான் பரிமாறிய தட்டைத் தான் எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 சனவரி முதல் தடை செய்திருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தட்டும் அந்தத் தடைக்குள் வரும். இது பலருக்குத் தெரியாமலே பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறார்கள். வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் நம் சந்தையில் கிடைப்பவைதான். ஒவ்வொரு குழுவும் தனித்தனியே வாங்கினால் விலை கூடும், எல்லாக் குழுக்களும் சேர்ந்து பொங்கலுக்கு முன்பே மொத்தமாகச் சொல்லிவைத்தால் இறங்கும். நடப்பவர்களும் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தால், கப் என்ற சிக்கலில் பாதி அங்கேயே தீரும். மாலை போடும் நாளிலேயே குருசாமிகள் இதை விரத நியமமாகச் சொல்லிவிடலாம். குருசாமி சொன்னால் கேட்காத பக்தர் இல்லை.

இதைவிடக் கனமான விஷயம் கழிப்பிடம். நடந்து வரும் கூட்டத்தில் பெண்கள் நிறையப் பேர். போக இடமில்லை என்பதற்காகவே அவர்கள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடக்கிறார்கள். மயங்கி விழுவதும், நீர்க்கடுப்போடு ஊர் திரும்புவதும் இதனால்தான். மோரை நீட்டும் கையைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போகும் ஓர் அம்மாவுக்கு உண்மையில் தேவைப்படுவது மோர் இல்லை, தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. இரவில் ஆண்கள் தோட்டத்து வரப்புகளில் ஒதுங்குகிறார்கள், காலையில் அங்கே முருங்கைக்காய் பறிக்க வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை செய்கிறார்கள். நடமாடும் கழிப்பறைகளை நிறுத்துவது மாவட்ட நிர்வாகமும் தேவஸ்தானமும் செய்ய வேண்டியது, அதை உரிமையோடு கேட்க வேண்டும். அதோடு நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. இந்தச் சாலையில் கல்யாண மண்டபங்கள், பெட்ரோல் பங்க்குகள், அரிசி ஆலைகள் உண்டு. அந்தப் பத்து நாளுக்கு மட்டும் பெண்களுக்காகக் கழிப்பறையைத் திறந்து, வாசலில் ஒரு விளக்கும் ஒரு பலகையும் வைத்தால் போதும். ஒரு பந்தல் குறைவாகப் போட்டு அந்தக் காசில் கழிப்பறையைக் கழுவ இருவரை வைக்கலாம். அது அன்னதானத்துக்குக் குறைந்த புண்ணியம் என்று நான் நம்பவில்லை.

உயிர்ப் பிரச்சினை ஒன்றும் உண்டு. வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவில் நடக்கிறார்கள். சாலை அகலமாகி வண்டிகளின் வேகம் கூடிவிட்டது. கறுப்புச் சட்டையோடும் கரும்பச்சை வேட்டியோடும் ஓரத்தில் போகிறவர் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரிகிறார். ஒளிரும் பட்டையைக் காவல் துறை ஒட்டிவிடுகிறது, நல்லது. அதைப் பையில் மடித்து வைக்காமல் முதுகில் ஒட்டிக்கொள்வது நடப்பவரின் கடமை. எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்பக்கத்தில் ஒற்றை வரிசையாகப் போவது, காதில் பாட்டு மாட்டாமல் இருப்பது, கூட்டத்தின் முன்னும் பின்னும் டார்ச் பிடிப்பது எல்லாம் செலவில்லாத காரியங்கள். பந்தல் போடுபவருக்கும் இதில் பங்குண்டு. சாலை விளிம்பில் நின்று தட்டை நீட்டினால் வாங்க வருகிறவர் தார்ச்சாலைக்கு நடுவே நிற்பார். இருபது அடி உள்ளே தள்ளிப் பந்தல் போட்டால் அந்த ஆபத்து இல்லை. நடைபாதை இருக்கும் இடங்களில் சீமைக்கருவேல முள்ளையும் மணலையும் மார்கழியிலேயே அப்புறப்படுத்த நெடுஞ்சாலைத் துறைக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பத்து நாள் இந்தச் சாலையில் பத்து நிமிடம் தாமதமானால் எந்தச் சரக்கும் கெட்டுவிடாது.

இதெல்லாம் அரசின் வேலை, வரி கட்டுகிறோமே என்று சிலர் சொல்வார்கள். வெளியூர்க்காரன் போட்ட குப்பையை நாம் ஏன் அள்ள வேண்டும் என்று சிலர். சாமி காரியத்தில் சட்டம் பேசாதே என்று இன்னும் சிலர். மூன்றுக்கும் பின்னால் உண்மையான ஆதங்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரசு செய்ய வேண்டியதை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது, ஆனால் அதிகாரி மாறிப் போவார், இந்த ஓடையும் இந்தக் கிணறும் நம்மோடுதான் இருக்கும். வெளியூர்க்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் நம் மாவட்டத்துக் கிறிஸ்தவ மக்கள் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றத்தை எண்ணிக் கிளம்பி நடக்கிறார்கள். கார்த்திகையில் நம் பிள்ளைகள் சபரிமலைக்கு நடக்கிறார்கள். அப்போது நாம் வெளியூர்க்காரர், எங்கோ ஓர் ஊர் நமக்குத் தண்ணீர் தருகிறது, நாம் விட்டதை அள்ளுகிறது. ஆகவே இது ஒரு கோயிலின் கணக்கோ ஒரு சாதியின் கணக்கோ இல்லை, சாலையோரம் குடியிருக்கும் எல்லோருக்கும் பொது.

பந்தல்களின் இடைவெளியையும் பேசித்தான் ஆக வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு பந்தல் என நெருங்கி நிற்க, வீடே இல்லாத நீண்ட பகுதிகளில் தண்ணீருக்கு ஆளில்லை. முதல் பந்தலில் வயிறு நிறைந்தவர் ஆசைக்காக இரண்டாவதில் வாங்கி மூன்றாவதுக்கு முன்னால் கொட்டுகிறார். எந்தக் குழு எந்த இடம், எந்த வேளை என்று ஒரே காகிதத்தில் எழுதிப் பங்கிட்டால் சோறு வீணாகாது. அன்னதானம் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும் என்ற நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே இந்தப் பங்கீட்டைத் தொடங்கிவிடலாம்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அக்டோபர் 2-உம் நவம்பர் 1-உம் தைக்கு முன்னால் போதிய இடைவெளியில் வருகின்றன. சாலையோர ஊராட்சிகள் ஒவ்வொன்றும் அக்டோபர் 2-ஆம் தேதி சபையில் ஒரே வாசகத்தில் தீர்மானம் கொண்டுவரலாம்: பந்தல் இடப் பங்கீடு, நூற்றுக்குப் பத்து மகமை, பெண்களுக்கான கழிப்பிடம், பூசத்தின் மறுநாள் துப்புரவுக்கு ஆளும் கூலியும். தீர்மானம் எழுதும்போது தூய்மைப் பணியாளர்களும், தோட்டக்காரர்களும், மகளிர் குழுக்களும், உள்ளூர் குருசாமிகளும் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். நகல்கள் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், நெடுஞ்சாலைத் துறைக்கும், பழனி தேவஸ்தானத்துக்கும் போகட்டும். நவம்பர் 1-ஆம் தேதி சபை கூடும்போது முதல் கேள்வியாக, எந்தத் துறை என்ன பதில் தந்தது, எந்தப் பந்தல் குழு பெயர் கொடுத்தது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்போம். பெயர் கொடுக்காத குழுவின் வீட்டுக்கு அன்று மாலையே நாலு பேர் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும்.